ஒரே உதையில் கிளம்பும்

டோரின் வெதரால் மண் பாதையில் ஓட்டும் தன் டர்ட் பைக்கை விற்க, மதுக்கடைப் பலகையில் ஒட்டிய விளம்பரத்தில், "ஒரே உதையில் கிளம்பும், எந்த நாளும்" என்று ஆட்டுத்தலை அளவு எழுத்தில் எழுதியிருந்தாள். அறுபத்தெட்டு வயதில் ஏன் விற்கிறாள் என்றால், அதைவிடப் பெரிய பைக் ஒன்றை வாங்கப் போகிறாள், அவ்வளவுதான்.

அந்த வண்டியில் அவள் கைபடாத இடமில்லை. சினைப்பன்றி வயிறு மாதிரி பெரிய பெட்ரோல் டேங்க், குழியை முத்தமிட்டுப் போகும் ஸ்பிரிங், எஞ்சினுக்கு அடியில் தடித்த தகடு. கங்காரு வந்து மோதினால் கங்காருதான் மன்னிப்புக் கேட்கும்.

முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாட்டுப் பண்ணையில் பைக்கில் மாடு விரட்டும் ரீஸ் டன்னிகன் அதை வாங்க வந்தான். டேங்க்கைப் பார்க்கவில்லை, ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. மதுக்கடை வாசலிலேயே குந்தி உட்கார்ந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"சூடா இருக்கே, டோரின்."

டோரினுக்குத் திக்கென்றது. ஆறிய எஞ்சினைத்தான் வாங்க வருபவனிடம் காட்ட வேண்டும். சூடேற்றி வைத்தால் ஏதோ மறைப்பதாக அர்த்தம். ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவளே அவள்தான்.

"காலைல கடைசியா ஒரு சுத்து போனேன் தம்பி. ஆசை."

"கிளம்பாத வண்டி வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் காலைல இந்த ஆசை வரும்னு கேள்விப்பட்டிருக்கேன்."

வராந்தாவில் இருந்தவர்கள் பீரைத் துப்பிச் சிரித்தார்கள்.

"ஆறட்டும். இருந்து பாரு" என்றாள் டோரின்.

மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டத்தைத் தின்றுகொண்டே காத்திருந்தார்கள். அங்கே டிசம்பர்தான் கோடை உச்சம், ஏப்ரலில்தான் வெயில் தணியும். குழாயில் வரும் பச்சைத் தண்ணீரில் தேநீர் போடலாம். ரீஸ் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சூடு குறைகிற பாடில்லை.

"ஏப்ரல் மாசம் வாப்பா, ஆறியிருக்கும்" என்றார் கடைக்காரர் ஹெக்டர்.

ரீஸின் கண், பைக்கோடு சேர்த்துத் தர டோரின் கொண்டுவந்திருந்த உதிரிபாகப் பெட்டிகள்மேல் போயிற்று. நான்கு பெட்டி. "இவ்வளவு எதுக்கு? அடிக்கடி படுத்துக்குமோ?"

"உறை பிரிச்சிருக்கா பாருடா!"

கிளட்ச் தகடு, செயின், பிரேக் கட்டை எல்லாம் கடையில் வாங்கிய உறையோடு கிடந்தன. காற்று வடிகட்டிகள் மட்டும் பழையவை. அவற்றையும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைபோலத் துவைத்து வைத்திருந்தாள்.

"எல்லாம் சரி. ஆனா சூடா இருக்கே" என்றான் ரீஸ்.

டோரின் எழுந்தாள். "ஹெக்டர், உன் குளிர் அறையத் தொற."

"ஏம்மா, அது பீருக்கு!"

"உன் பீரு என் வண்டியப் பாத்து ஒழுக்கம் கத்துக்கட்டும். தொற!"

பீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே பைக் உள்ளே போயிற்று. ஊரே வாசலில் கூடிவிட்டது. வெகு நேரம் கழித்து வெளியே உருட்டியபோது டேங்க்கிலிருந்து வெள்ளையாய்ப் புகை இறங்கியது. ரீஸ் எஞ்சினைத் தொட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"பொணம் மாதிரி இருக்கு. இப்ப உதைங்க."

 கார்புரேட்டரை டோரின் இந்த ஊரின் அடுப்பு வெயிலுக்காக அல்லவா திருகி வைத்திருந்தாள்! பிறந்ததிலிருந்து குளிரே அறியாத வண்டி. இரண்டாவது உதை தேவைப்பட்டால், "ஒரே உதை" என்று அவள் கல்லறையில் செதுக்கிவிட்டுத்தான் இந்த ஊர் ஓயும்.

சோக்கை இழுத்தாள். உதைக்கும் கட்டையை மெல்ல அழுத்தி, எஞ்சின் எதிர்த்துத் தள்ளும் இடத்தைப் பாதத்தால் தேடிப் பிடித்தாள். எழும்பி நின்றாள். உடம்பின் மொத்த எடையோடு இறங்கினாள்.

டம்! தகரக் கூரையிலிருந்த கிளிகளெல்லாம் பறந்தன. அடுத்த ஊரில் தூங்கிய நாய் எழுந்து குரைத்ததாக இன்றும் சொல்கிறார்கள்.

ரீஸ் தொப்பியைக் கழற்றினான். "ஒரே உதைதான்."

"எனக்குக் கேட்டுச்சு. வராந்தாவுக்குக் கேக்கல."

அவன் திரும்பி நின்று தொண்டை கிழியக் கத்தினான். "ஒரே உதை!"

டோரின் சொன்ன விலைக்கே கை குலுக்கினான். பைக்கும் நான்கு பெட்டியும் அவன் பிக்அப் வண்டியில் ஏறியதில், பின்னால் நின்றுகொண்டு வந்த அவன் நாய் இடமில்லாமல் முன்சீட்டுக்கு வந்துவிட்டது.

டோரின் வீட்டுக்கு நடந்தே போனாள், பெரிய வீதியின் நட்ட நடுவில். அன்று அந்த வழியாக இரண்டே லாரிகள்தான் வந்தன. இரண்டும் மண்ணில் இறங்கி ஒதுங்கிப் போயின.