ஓட்டுநர் இருக்கை

மனிதன் மேல் மனிதன் பொறாமைப்படுவது ஊரில் நடக்கிறதுதான். மோமிர் ஒரு மெட்டின் மேல் பொறாமைப்பட்டான்.

அது செப்டம்பர் மாதம். நீஷ் நகரத்தின் எல்லா பால்கனிகளிலும் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மோமிரின் மனைவி பிசேர்கா சுட்ட மிளகாயைத் தோலுரித்து வாளியில் போட, அவன் குளிர்காலத்துக்கான ஐவார் என்ற மிளகாய் விழுதைப் பெரிய அண்டாவில் கிண்டிக்கொண்டிருந்தான். அவள் தன்னை மறந்து எதையோ முனகினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முனகுவதெல்லாம் ஒரே குழுவின் பாட்டுகள்தான். அந்தக் குழுவின் பாட்டுகளில் மோமிருக்குத் தெரியாத மூச்சு, இருமல்கூடக் கிடையாது. ஆனால் இது தெரியாத மெட்டு.

"என்ன பாட்டு அது?"

"எது?"

"இப்ப முனகினியே."

"நான் எங்க முனகினேன்? நீ கிண்டு, அடிபிடிக்குது பாரு."

அடிபிடித்தது அவன் வயிற்றில்.

அந்தக் குழுவுக்குக் 'குருட்டு டிராம்' என்று பெயர். நீஷில் பிறந்த ராக் குழு. கடைசி ஆல்பம் வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் "இதோ வருகிறது" என்பார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் "கொஞ்சம் தள்ளிப்போகிறது" என்பார்கள். ஸ்டுடியோவில் தண்ணீர் புகுந்துவிட்டது, டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று சாக்குகளுக்குக் குறைவில்லை. பாடகன் ரெல்யாவோ இரண்டு வருஷமாக ஒரு பேட்டிகூடக் கொடுக்கவில்லை. கிணற்றில் போட்ட கல்.

ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்துக்கு 'டிராம் நிறுத்தம்' என்று பெயர். அதை நடத்துவது மோமிர். பகலில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துவான், மாலையில் ரெல்யாவைத் திட்டுவான். "இவன் கலைஞன் இல்லை, படுத்துக் கிடக்கும் பன்றி. எழுந்து பாடுடா" என்று போன வருஷம் அவன் எழுதியதை ஆயிரம் பேர் பாராட்டினார்கள். அன்பு முற்றினால் வசவுதான் வரும் என்பது அவன் கட்சி.

மெட்டைக் கேட்ட நாளிலிருந்து அவன் கணக்குப் போட ஆரம்பித்தான். பிசேர்கா ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். திக்குவாய்க் குழந்தைகளுக்கும், பக்கவாதத்தில் வாய் குழறிப்போனவர்களுக்கும் மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பாள். புதன்கிழமைகளில் மட்டும் தாமதமாக வருகிறாள். கேட்டால், "ஒரு நோயாளி" என்பாள். ஆணா பெண்ணா என்றால், "நோயாளிடா அது" என்பாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். மனைவியை இழந்து மேல்மாடியில் அக்கார்டியன் வாசிப்பவர் முதல் ஆஸ்பத்திரி சமையற்காரன் வரை எல்லோரையும் மோமிர் மனதுக்குள் கூண்டில் ஏற்றினான். எவனோ ஒருவன் அவளுக்குப் பாடிக் காட்டுகிறான். அதுவரைக்கும் நிச்சயம்.

இந்த நிலையில்தான் அறிவிப்பு வந்தது. ஆல்பம் அக்டோபரில் வருகிறது; அதற்கு முன் கோட்டைக்குள் திறந்தவெளி மேடையில் நிகழ்ச்சி; புதுப் பாட்டுகளெல்லாம் அங்கேதான் முதல்முதலாக. நிறுத்தத்தில் வளர்ந்த ஆண்களெல்லாம் அழுதார்கள்.

மோமிரும் அழுதான். மறுநாள் பிசேர்கா அவன் தலையில் இடியைப் போட்டாள்.

"மோமிர், அன்னைக்கு எனக்கு ஓட்டுநர் இருக்கை வேணும்."

இதைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு இருக்கும். அதில் பாடகனின் மைக்குக்கு நேர் எதிரே இருக்கும் ஓரடி இடத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் இருக்கை. எவ்வளவு சீக்கிரம் வந்து வரிசையில் நின்றாலும் அந்த இடத்தில் வேறு யாரும் நிற்கமாட்டார்கள். மூத்த ரசிகனுக்கு உரியது அது. முன்பு நின்றவர் கனடாவுக்குக் குடிபோனபோது எல்லோர் முன்னாலும் மோமிரின் கையைப் பிடித்து அங்கே நிறுத்திவிட்டுப் போனார். அதன்பிறகு மோமிர் காய்ச்சலோடுகூட வந்து நின்றிருக்கிறான்.

"எதுக்கு?" என்றான்.

"எனக்கு வேணும்."

"இத்தனை வருஷம் என் பக்கத்துல நின்னியே, அப்பல்லாம் கேக்கலையா பாட்டு?"

"காரணம் கேக்காம ஒரே ஒரு தடவை குடு."

"என் சட்டையைக் கேளு, சிறுநீரகத்தைக் கேளு. அந்த இடத்தைக் கேக்காத."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நிகழ்ச்சி நாளன்று அடர்சிவப்பு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். கல்யாணத்துக்கே அவள் அவ்வளவு பூசியதில்லை.

"யாருக்கு இதெல்லாம்?"

"தூரத்துல இருந்து தெரியணும்ல," என்று உண்மையையே சொன்னாள். அவனுக்குத்தான் அது வேறு விதமாகக் கேட்டது.

கோட்டைக்குள் சரியான நெரிசல். மோமிர் தன் இடத்தில் நின்றான். வலது பக்கம் பிசேர்கா. இடது பக்கம் விதோயே, அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற நண்பன். சாட்சி நின்றவனைக் கூம் என்பார்கள். கூம் என்றால் உறவுக்கும் மேலே. அந்த உரிமையில்தான் விதோயே எதையும் பேசுவான்.

ரெல்யா மேடைக்கு வந்தான். இளைத்திருந்தான், ஒரு காலை லேசாக இழுத்து நடந்தான். முதல் மூன்றும் பழைய பாட்டுகள். மோமிர் தொண்டை கிழியக் கத்தினான். மனைவி, மெட்டு, புதன்கிழமை எல்லாம் மறந்து சின்னப் பையனைப்போலச் சந்தோஷமாக இருந்தான். நான்காவதாகக் கிதார் மட்டும் தனியாக ஆரம்பித்தது.

அந்த மெட்டு.

மோமிர் மெல்லத் திரும்பிப் பார்த்தான். கூட்டம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டது, யாருக்கும் தெரியாத பாட்டாயிற்றே. பிசேர்காவின் சிவப்பு உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஒரு வார்த்தை பிசகாமல், ரெல்யா பாடுவதற்கு அரை நொடி முன்னால். மேடையில் ரெல்யா ஆயிரக்கணக்கானவர்களை விட்டுவிட்டு அந்த உதடுகளையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான்.

அக்கார்டியன்காரரும் சமையற்காரனும் அந்த நொடியே விடுதலை ஆனார்கள். மோமிருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவளைத் தொட்டிருப்பானோ என்பது ஒரு நெருப்பு. எனக்கு முன்னால் இவளுக்குப் பாடிக் காட்டியிருக்கிறானே என்பது இன்னொரு நெருப்பு. பதின்மூன்று வருஷம் காத்துக் கிடந்தவன் நான், பாட்டை முதலில் கேட்டவள் இவள். எது அதிகமாகச் சுட்டது என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. கேவலம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

அவன் ஒரு எட்டு வைத்து அவளுக்கும் தடுப்புக்கும் நடுவில் நுழைந்தான். கண்ணாடி சுமந்து அகன்ற தோள்களை விரித்து மேடைக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் சுவராக நின்றான்.

ரெல்யா பாதி வரியில் நின்றுவிட்டான்.

கிதார் ஒரு சுற்று சுற்றி வந்தது. ரெல்யா வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. அவன் கண்கள் வரிசையில் எதையோ தேடி அலைந்தன. கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் முகம் அது. பின்னால் எவனோ சீட்டியடித்தான். "குடிச்சிருக்கான்டா," என்றது ஒரு குரல்.

பிசேர்கா மோமிரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்துச் சொன்னாள். "நகரு. என் வாயைப் பாத்துத்தான் பாடறான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மூளையில ரத்தம் அடைச்சு, ஒரு வருஷம் பேச்சே கிடையாது. என்கிட்டதான் ஒவ்வொரு அசையாப் படிச்சான். எழுதி வச்சா அவனால படிக்க முடியாது, எழுத்தெல்லாம் எறும்பாத் தெரியுது. பழசு ரத்தத்துல இருக்கு. புதுசுக்கு முதல் அசை வேணும். நகரு, மோமிர்."

மோமிர் நகர்ந்தான். நகர்ந்தது மட்டுமில்லை, அவளைத் தன் இடத்தில் நிறுத்தி, பின்னால் நின்று இரு பக்கமும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நெரிசலைத் தன் முதுகில் வாங்கினான். ரெல்யாவின் கண்கள் அவளைக் கண்டுபிடித்தன. பாட்டு மறுபடி எழுந்தது. கூட்டம் கோட்டையே இடிகிறமாதிரி கத்தியது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவள் பின்னந்தலையிடம் கேட்டான், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டான். முக்கியமா உங்கிட்ட."

"என்னை அவனுக்குத் தெரியுமா?"

"பன்றின்னு எழுதினியே, அதை யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. மூணு மாசம் பயிற்சிக்கே வரல."

புதுப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதையும் மோமிர் ஒழுங்காகக் கேட்கவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் அவள் தாடை அசைவது மட்டும்தான் தெரிந்தது. தன் மனைவியின் வாயை இப்படி உயிரைப் பிடித்துக்கொண்டு ஒருவன் பார்க்கிறான், தான் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தான். சந்தேகம் போய்விட்டது. பொறாமை போகவில்லை.

நிகழ்ச்சி முடிந்து கோட்டை வாசலில் இருக்கும் சுட்ட இறைச்சிக் கடையில் நிறுத்தத்துக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். எல்லோர் கையிலும் செபாப்பிக் கறித்துண்டு, வெங்காயம், போன். மோமிரும் பிசேர்காவும் வந்ததும் பேச்சு அடங்கியது. படமெடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா. ரெல்யா அவளைப் பார்த்தது, மோமிர் குறுக்கே பாய்ந்தது, ரெல்யா வாயடைத்து நின்றது, மோமிர் பணிந்து அவளை முன்னால் விட்டது, எல்லாம் அதற்குள் நிறுத்தத்தில் ஏறியிருந்தது.

விதோயேதான் ஆரம்பித்தான். "கூமே, தலையைக் கொஞ்சம் தடவிப் பாரு. கொம்பு ஏதாவது முளைச்சிருக்கான்னு."

பெண்டாட்டி ஏமாற்றும் புருஷனுக்குக் கொம்பு முளைக்கும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"இல்லடா, தெரியாமத்தான் கேக்கறேன்," என்றான் விதோயே. "ஓட்டுநர் இருக்கையையே தூக்கிக் குடுத்துட்ட. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான்டா?"

பிசேர்கா காகிதத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டுச் சாயம் கலைந்து மோவாய் வரை ஒழுகியிருந்தது. அவளால் வாயைத் திறக்க முடியாது. சத்தியம் அவளைக் கட்டியிருந்தது.

மோமிர் பிறவியிலேயே ஓட்டை வாய்க்காரன். அந்த வாயில் இப்போது நிறுத்தத்தின் இரண்டு வருஷக் கேள்விக்கு விடை இருந்தது. ஒரு வரி சொன்னால் போதும்: ஆல்பம் ஏன் தள்ளிப்போனது, ரெல்யா ஏன் நின்றான், அவள் யார். கொம்பு போய்விடும், அவனை எல்லோரும் தோளில் தூக்கிக்கொள்வார்கள். நாளைக் காலையில் ரெல்யா ஊருக்கெல்லாம் நொண்டிக் குதிரை ஆகிவிடுவான், அவளும் வாக்குத் தவறியவள் ஆகிவிடுவாள்.

நாக்கு நுனிவரை வந்ததை மோமிர் வெங்காயத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"அவ அழகா இருக்கா," என்றான். "அவன் பாக்கறான். நீ தின்னுடா."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். விதோயே பரிதாபமாக அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இனி இந்த ஊரில் மோமிர் யார் என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது மோமிருக்குத் தெரியும். பிசேர்கா நிமிர்ந்து, அவன் வாயைப் பார்த்தாள்.