இடுப்பில் இருந்த கயிறு

வெள்ளைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் கூட்டத்துக்குப் பஞ்சமே இருக்காது. அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டியிருந்த அந்த ஊரின் சமுதாயக் கூடத்தில் காலையிலிருந்தே நிற்க இடமில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு கிறிஸ்தவ சபையார் வந்திருந்தார்கள். குழந்தைகளின் புண்ணுக்கு மருந்து போடுவார்கள், பல் பார்ப்பார்கள், கலர் நூலில் மணி கோத்துக் கையில் கட்டிவிடுவார்கள். அவர்கள் பேசுவதைத் தமிழிலும், ஊர்க்காரர்கள் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துபோய் நின்றாள் பிரவீணா.

அவள் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவள் போகும் சர்ச்சின் பாஸ்டர் கேட்டுக்கொண்டதால் வந்தாள். அவள் இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் ஆச்சரியப்பட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வந்த வினை எல்லாம் அந்தப் பெருமையில் வந்ததுதான்.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் இளவரசி தன் மகன் விக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு வயசுப் பையன், காய்ச்சலில் துவண்டு அம்மாவின் தோளில் கிடந்தான். வெள்ளைக்கார நர்ஸ் கேரல் அவனை மேஜையில் படுக்கவைத்துச் சட்டையைத் தூக்கினார். இடுப்பைச் சுற்றி வீங்கிச் சிவந்திருந்தது. கறுப்பு அரைஞாண் கயிறு வீக்கத்துக்குள் புதைந்து, ஒரு பக்கம் சீழ் வடிந்தது. கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து தொங்கியது.

"இதை வெட்டினால்தான் சுத்தம் செய்ய முடியும். வெட்டலாமா? அம்மாவிடம் கேள்" என்றார் கேரல்.

கேட்டிருக்க வேண்டும். பிரவீணா வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் அந்தக் கயிறு என்ன, ஏன் கட்டுகிறார்கள், ஆண்பிள்ளை இடுப்பு ஏன் வெறுமையாக இருக்கக் கூடாது என்றெல்லாம் இந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் விளக்குவதை நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. என்ன ஜனங்களோ என்று நினைத்துவிடுவார்களே. பின்னால் வரிசை வேறு நெட்டித் தள்ளியது. இளவரசி கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனிந்திருந்தாள்.

"வெட்டலாம்" என்றாள் பிரவீணா.

கத்தரிக்கோல் ஒரே கடியில் வேலையை முடித்தது. கேரல் கயிற்றையும் தாயத்தையும் சேர்த்துக் குப்பைக்கான மஞ்சள் பையில் போட்டார். இளவரசி நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் பைக்குள் கையை விட்டு, ரத்தப் பஞ்சுகளுக்கு நடுவே துழாவி, அறுந்த கயிற்றைத் தாயத்தோடு எடுத்தாள். அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புள்ள தொப்புள்கொடி இந்தத் தாயத்துக்குள்ளதான் இருக்கு. அறுத்துட்டீங்களே."

கேரல் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே இருந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தவரின் முகம் மாறியது. சிவப்பு வயிறுவரை ஏறியிருக்கிறது, விஷம் ரத்தத்தில் கலக்கப் பார்க்கிறது, இங்கே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். இதைப் பிரவீணா ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். வேன் டிரைவர் ராசாங்கம் வண்டியைக் கிளப்பி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அதற்குள் செய்தி பறந்துவிட்டது. சுரங்கத்தில் வேலையிலிருந்த விக்கியின் அப்பா சின்னதுரை, மேலெல்லாம் வெள்ளைப் புழுதியோடு, லுங்கியை மடித்துக் கட்டியபடி உள்ளே நுழைந்தான். பெண்டாட்டி கையில் இருந்த கயிற்றைப் பார்த்தான். மேஜையிலிருந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

"யாரும் கிட்ட வரக்கூடாது."

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணுங்க" என்றாள் பிரவீணா.

"போறோம். வெறும் இடுப்போட என் புள்ள இந்த ஊரத் தாண்ட மாட்டான். பொணத்துக்குத்தான் அருணாக்கயித்த அறுத்து வெளிய எடுத்துட்டுப் போவாங்க. புதுக்கயிறு வரட்டும்."

ஊரில் இருந்த ஒரே பெட்டிக்கடையில் கயிறு இல்லை. ஒருவன் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் பறந்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் வால்பிடித்து நிற்கும் ரோடு அது. போனவன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. மணி கோக்கும் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் கறுப்பு நூலை எடுத்து நீட்டினாள். நல்ல மனசோடுதான் நீட்டினாள்.

"அது உங்க சாமிக்குக் கோத்த நூலு. எம்புள்ளைக்கு வேணாம்."

வாசலில் கூட்டம் சேர்ந்து வழியை அடைத்தது. மதம் மாத்தத்தான் அறுத்தாங்களாம் என்று ஒரு குரல் கேட்டது. வண்டிச் சாவியைப் புடுங்குங்கடா என்றது இன்னொன்று. ராசாங்கம் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீட்டை விட்டு நகராமல் இருந்தார். விக்கி வாந்தி எடுத்தான். கேரல் கிட்டே போகப் பார்த்தார், சின்னதுரை காலை நீட்டித் தடுத்தான். என்ன சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேரல் பிரவீணாவின் தோளை உலுக்கினார்.

வெள்ளைக்காரி செய்துவிட்டாள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் பிரவீணா தப்பித்துக்கொள்ளலாம். அவள் சின்னதுரைக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"அவங்க மேல தப்பில்லங்க. வெட்டலாமான்னு என்கிட்ட கேட்டாங்க. உங்க வூட்டம்மாவக் கேக்கச் சொன்னாங்க. நான் கேக்கல. நானே சரின்னுட்டேன்."

சின்னதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உங்க வூட்ல ஆம்பளப் புள்ளைக்குக் கட்ட மாட்டீங்களா?"

"கட்டுவோம். என் தம்பி இடுப்புல இருக்கு."

"அப்பத் தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

அப்போதுதான் விக்கியின் உடம்பு விறைத்தது. கண் மேலே செருகியது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஜன்னி கண்டுடுச்சு என்று யாரோ சொன்னார்கள். இளவரசி புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கயிறு வர்றப்ப வரட்டும்யா. தூக்குய்யா."

சின்னதுரை ரோட்டைப் பார்த்தான். பைக்கைக் காணோம். பிள்ளையை அவள் மடியில் கிடத்திவிட்டு எழுந்தான். மேஜையில் கிடந்த அதே கத்தரிக்கோலை எடுத்தான். கூட்டம் பின்வாங்கியது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சட்டைக்குள் கையை விட்டு, தன் இடுப்பில் கிடந்த கயிற்றை அறுத்தான்.

உயிரோடு இருக்கும் மனுஷன் தன் கையால் அதை அறுத்து யாரும் பார்த்ததில்லை. புதுசு கட்டாமல் பழசைக் கழற்றக்கூட மாட்டார்கள். அழுக்கும் வேர்வையுமாக இருந்த அந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவன் குனிந்தான்.

"புண்ணில் படக் கூடாது, வேண்டாம் என்று சொல்" என்றார் கேரல்.

இந்தத் தடவை பிரவீணா அவரை நேராகப் பார்த்தாள். "கட்டித்தான் ஆக வேண்டும். அது இல்லாமல் ஒரு பையன் இங்கே பிணத்துக்குச் சமம். புண்ணில் படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்." பிறகு சின்னதுரையிடம், "புண்ணுல படாம மேல, மாருக்குக் கட்டுங்க அண்ணே" என்றாள். அவன் இரண்டு சுற்றாகச் சுற்றி, தாயத்தையும் கோத்து, நெஞ்சில் தளர்வாக முடிச்சுப் போட்டான். இழுப்பு அடங்கிப் பிள்ளை துணியாகக் கிடந்தான்.

கூட்டம் தானாக வழிவிட்டது. வேன் பறந்தது. வழிநெடுக லாரிகள். ராசாங்கம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கேரல் ஈரத்துணியால் பிள்ளையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டூட்டி நர்ஸ் நெஞ்சில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அதைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு ஊசியைப் போட்டாள். டிரிப்ஸ் ஏறியது. டாக்டர் வெகுநேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்தவர், "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கைமீறிப் போயிருக்கும். இனிமே பயமில்ல" என்றார்.

பிரவீணா அப்போதுதான் கவனித்தாள். வேனில் ஏறியதிலிருந்து சின்னதுரை இடது கையால் லுங்கியைப் பிடித்தபடியே இருந்தான். கயிறு இல்லாத இடுப்பில் அது நிற்கவில்லை. அவர் ஏன் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று கேரல் கேட்டார். பிரவீணா சொன்னாள். கயிற்றைப் பற்றி, தொப்புள்கொடியைப் பற்றி, தான் கேட்காமல் விட்டதைப் பற்றி, எதையும் விடாமல் சொன்னாள். வெட்கமாக இல்லை. அழுகைதான் வந்தது.

இளவரசியும் புருஷனின் கையைப் பார்த்துவிட்டாள். பிள்ளைக்கான பயம் இறங்கி, வேறொரு பயம் அவள் முகத்தில் ஏறியது. முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று நீளமாகக் கிழித்தாள்.

"கையத் தூக்குய்யா."

"எல்லாரும் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும்."

ஆஸ்பத்திரி வராண்டாவில், அத்தனை பேர் நடுவில், அவள் அந்தத் துணியைத் திரித்துத் திரித்துப் புருஷன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு போதவில்லை அவளுக்கு. மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினாள். சின்னதுரை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை அசையாமல் நின்றான்.