கார்த்திகைக்குப் போய்ச் சேரும் குண்டு

எங்கள் ஊரில் ஏர்கன் குண்டு வாங்கப் போனால், அது எப்போது போய்ச் சேர வேண்டும் என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். தட்டைத்தலைக் குண்டு சுட்ட நொடியே போய்ச் சேரும். கூர்முனைக் குண்டு காலையில் சுட்டால் சாயங்காலம் சேரும். உருண்டைத்தலைக் குண்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். அவரவர் மனசுக்குத் தக்கபடி வாங்கிக்கொள்வோம்.

நான் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். மண்டிக்குப் பின்னாலேயே வீடு, இரண்டுக்கும் நடுவே நீளமான முற்றம். முற்றத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஒரு பெருச்சாளி குடும்பத்தோடு வளை தோண்டிக் குடியிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், நான் ஒன்றும் கஞ்சன் இல்லை. ஆனால் ஒரு மூட்டையைக் கடித்தால் அதையே தின்று முடிக்க வேண்டாமா? இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி. ஆனி மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு நான் அனுப்பிய மூட்டைகள் வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போய், பந்தியில் இரண்டாவது முறை சோறு கேட்டவர்களுக்கு இல்லையென்று ஆகிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! நேராக சிராஜுதீன் பாய் கடைக்குப் போனேன்.

“எப்ப சேரணும் மொதலாளி?” என்று பாய் கேட்டார்.

இப்போதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். கோழிக்கடைப் பக்கம்கூட வேதவல்லியைத்தான் அனுப்புவேன். வேதவல்லி என் மனைவி.

“கண்ணெதிர்ல வேணாம் பாய். மெதுவாப் போறதா ஒண்ணு குடுங்க.”

பாய் ஒரு உருண்டைத்தலைக் குண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இது சேர கார்த்திகை ஆயிடும். நடுவுல மனசு மாறிட்டா ரொம்பக் கஷ்டம், பாத்துக்கங்க.”

என் மனசாவது மாறுவதாவது என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை பெருச்சாளி வளை வாசலில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. மண்டியின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, குறி பார்த்துச் சுட்டேன். குண்டு குழலை விட்டு வெளியே வந்து, முழங்கால் உயரத்தில் முற்றத்தைக் கடக்க ஆரம்பித்தது. பெருச்சாளி அதைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

“எனக்கா மொதலாளி?”

“ஆமா.”

“சரி” என்று சொல்லிவிட்டு மீசையின் மறுபக்கத்தைத் துடைத்துக்கொண்டது.

அது ஊரைவிட்டே ஓடியிருக்கலாம். சில எலிகள் ஓடிவிடும். அப்படி ஓடினால் குண்டு வளைக்குள் நுழைந்து, உள்ளே இருப்பவர்களில் யாருக்காவது போய்ச் சேரும். தன் பேருக்கு வந்ததை அடுத்தவர் தலையில் கட்டுகிற ஜாதி இல்லை அந்தப் பெருச்சாளி.

ஆடி முழுக்கக் குண்டு போய்க்கொண்டிருந்தது. வேதவல்லி துணிக் கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொண்டாள். மழை பெய்தால் குண்டின்மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்ப்பாள். கொட்டாங்கச்சியும் சேர்ந்து நகரும். பெருச்சாளி இதற்கிடையில் தன் கணக்கு வழக்குகளை முடித்துக்கொண்டு வந்தது. எப்போதோ காணாமல் போன கரண்டி, சோப்பு டப்பா, என் இடதுகால் செருப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வாசற்படிக்கு வந்தன. அப்புறம் ஒருநாள் மண்டிக்கே வந்து, கோணி ஊசி இருக்கிறதா என்று கேட்டது. தான் கடித்த மூட்டைகளைத் தானே தைக்க வேண்டுமாம்.

தைக்கிறேன் என்று வந்தது, மண்டியிலேயே தங்கிவிட்டது. எந்த மூட்டையில் ஈரம் இருக்கிறது, எந்த லாரிக்காரன் பழைய அரிசியைக் கலந்திருக்கிறான் என்று மோந்து பார்த்துச் சொல்லிவிடும். மத்தியானம் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு நானும் அதுவும் ஒரே மூட்டையிலிருந்து அரிசியை அள்ளி மென்றுகொண்டு பேசிக்கொண்டிருப்போம். என் சம்பந்தி வீட்டுப் பிக்கல் பிடுங்கலைக்கூட அதனிடம் சொன்னேன். எனக்கு அதைப் பிடித்துப்போய்விட்டது. என்ன செய்வது, பிடித்துப்போய்விட்டது.

தீபாவளிக்கு வேதவல்லி ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்து வளைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வரும்போது முகம் சரியில்லை. “குண்டு துணி துவைக்கிற கல்லைத் தாண்டிடுச்சு. சுடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க?” என்றாள்.

மறுபடியும் பாய் கடைக்கு ஓடினேன். சுட்ட குண்டை நிறுத்துவதற்கு என்ன குண்டு இருக்கிறது என்று கேட்டேன்.

“தட்டைத்தலைதான். ஆனா எதிர்ல இருந்து அடிக்கணும். வளை வாசல்ல படுத்துக்கிட்டு, வர்றதோட மூஞ்சிக்கு நேரா அடிங்க. ரெண்டும் மோதிக் கீழ விழுந்துடும்.”

தட்டைத்தலை ஒன்றை வாங்கி வந்து, விஷயத்தை வேதவல்லியிடமும் பெருச்சாளியிடமும் சொன்னேன். பெருச்சாளி ஒதுங்கி எனக்கு இடம் விட்டது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வளை வாசலில் குப்புறப் படுத்தேன். அங்கிருந்து பார்த்தால் குண்டு வேறு மாதிரி இருந்தது. என் இரண்டு புருவத்துக்கும் நடுவே நேராக வந்துகொண்டிருந்தது. அது என்னிடம் வந்து சேர இன்னும் நிறைய நாள் கிடந்தது, எனக்கே தெரியும். இருந்தும் உடம்பு கேட்கவில்லை. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

பெருச்சாளி தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பாதி தைத்த கோணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது.

நான் மண்டிப் பக்கம் வந்தேன். பின்னாலிருந்து தட்டினால் குண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்துவிடும் என்று நினைத்தேன். பின்னாலிருந்து அடிப்பதைப் பற்றி பாய் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுட்டேன். தட்டைத்தலை போய் உருண்டைத்தலையின் முதுகில் இடித்தது. கார்த்திகை வரைக்கும் இருந்த நேரமெல்லாம் அங்கேயே தீர்ந்துபோனது.

சத்தம் கேட்டு வேதவல்லி ஓடி வந்தாள். தொட்டிப் பக்கம் பார்த்தாள். “அங்க படுத்து அடிக்காம எழுந்துட்டீங்களா?” என்று கேட்டாள். பாவி, கொஞ்ச நேரம் படுத்திருந்தால் என்ன என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தலை சுற்றவே இல்லை.

மறுநாள் அதன் உறவுக்காரர்கள் வந்தார்கள். மீசை நரைத்த அண்ணன் பெருச்சாளி மண்டிக்குள் வந்து, பங்காளிகள் யாரும் கருமாதி முடியும்வரை வெளியூர் போகக் கூடாது என்று என்னிடம் சொன்னது.

“சுட்டதே நான்தாங்க” என்றேன்.

“அது தெரியும். ஒரே மூட்டையில சாப்பிட்டீங்க இல்ல? அப்ப பங்காளிதான்.”

மண்டியைச் சாத்தினேன். வீட்டில் தாளிக்காமல் சமைத்தோம். கருமாதியன்று விடியற்காலையில் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனோம். இறந்தவரைவிட இளையவர்கள்தான் தலை மழிக்க வேண்டும், எனக்கு ஐம்பத்தாறு ஆகிறது என்று தயங்கினேன். தம்பிக்கு எங்கள் கணக்கில் எழுபது முடிந்துவிட்டது, நீங்கள்தான் சின்னவர் என்று அண்ணன் பெருச்சாளி சொல்லிவிட்டது.

வரிசையில் குட்டிகளுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்கள். முடிதிருத்துகிறவர் என் தலையில் தண்ணீரைத் தடவி, கத்தியை வைத்தார். மழித்து முடித்ததும் ஏரிக்காற்று ஜில்லென்று பட்டது. எனக்கு முன்னால் மழித்துக்கொண்ட கடைசிக் குட்டி நடுங்கிக்கொண்டே வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தது.

“உங்களுக்கும் குளிருதா சித்தப்பா?” என்று கேட்டது.

ஆமாம் என்றேன்.