கண்ணாயி வீட்டுக் கூரை

வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவன் ஒரு வீட்டோடு நிறுத்தியிருப்பான். காத்தான் மலைமேல் திருப்புலி நாட்டில் பிறருக்காகக் கட்டியதோ முப்பதுக்கு மேல். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் இல்லாதவனுக்கும் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்கிற பிடிவாதம் மட்டும் விடவில்லை.

அதற்குக் குறுக்கே நின்றது ஊர் வழக்கம். மூங்கிலும் புல்லும் காட்டில் கிடைக்கும், கூலியும் கிடையாது. ஆனால் கூரை வேய வருகிறவர்களுக்கு வீட்டுக்காரர் தன் பானையிலிருந்து சோறு போட வேண்டும். போடாதவருக்கு அந்த வீடு சொந்தமில்லையாம். எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினானோ! சோறு போட வக்கில்லாதவர்கள் அடுத்தவர் கொட்டகையிலேயே கிடந்தார்கள்.

கண்ணாயியும் அப்படித்தான். புருஷன் செத்தபின் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். ஜப்பான்காரன் சண்டை நடந்த வருஷம் அது. சேந்தமங்கலம் சந்தையிலேயே தானியத்தைக் கண்ணால் காண முடியவில்லை. அவளுக்கு ஒரு வீடு கட்ட எல்லாரும் அவரவர் களியைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று காத்தான் வீடு வீடாகக் கெஞ்சினான். சோறு கட்டிக்கொண்டு போக அது என்ன சாவு வீடா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

போங்கடா என்று தனியாகவே கால் நட்டான், மூங்கில் தட்டி கட்டினான், மண் பூசினான். இருபது நாள் ஆயிற்று. கூரைதான் ஒற்றை ஆளுக்கு மசியவில்லை. கீழிருந்து புல் எறிய ஆள் வேண்டும், மேலே இழுத்துக் கட்ட ஆள் வேண்டும். ஆனி மேகம் வேறு இறங்கிவிட்டது. நனைந்தால் பச்சைச் சுவர் கரைந்துவிடும். அலுப்பில் அவனுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் காலை நான்கு பேர் வந்து நின்றார்கள். கல்லும் கரைந்துவிட்டதே என்று காத்தான் மகிழ்ந்துபோனான். உச்சிப்பொழுதுக்குள் கூரை ஏறிவிட்டது.

அப்போது கண்ணாயி ஆவி பறக்கச் சாமைச் சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். காத்தான் பானைக்குள் எட்டிப் பார்த்தான். கொட்டகையில் வேறு தானியம் ஏது?

"வெதச் சாமையா புள்ள?"

"ஆமாங்க. நீங்க கூப்புட்டு வரலை. சோறு போடறேன்னு நான் கூப்புட்டேனுங்க, வந்தாங்க."

"வெதைக்கறதுக்கு என்ன பண்ணுவ? வருசத்துக்கும் பட்டினி கெடப்பியா?"

"கெடந்தா என்ற ஊட்டுல கெடக்கறேனுங்க. உக்காருங்க, சாப்புடுங்க."

சாப்பிடாமல் எழுந்தால் இந்த வீடு அவளுடையதில்லை. காத்தான் உட்கார்ந்தான். மற்றவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார்கள். அவன் போட்டதை மட்டும் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றான்.

பொழுது சாயும்முன் மழை பிடித்துக்கொண்டது. புதுக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. விதைப்புக்கு ஏற்ற மழை என்று நான்கு பேரும் தங்கள் காட்டைப் பார்க்க ஓடினார்கள். காத்தான் மட்டும் காலிச் சாமைப் பானைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.