வாழையிலைக் கட்டோடு வந்தவள்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். செண்பகனூரில் நான் போகும் மாலை எழுத்து வகுப்பில், ஏதாவது ஒன்றைப் பத்து நாள் கவனித்துக் குறிப்பெழுதச் சொன்னார்கள். பகலில் எனக்கு ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை. அங்கே, ஆடலூரிலிருந்து வந்த வாழையிலைக் கட்டைப் பிரித்தபோது ஓர் இலைத்தண்டைப் பற்றியபடி பச்சோந்தி ஒன்று இருந்தது.

மெஸ்ஸில் சமைக்கும் ஜோதிமணி அக்காவுக்கு ஊர் ஆடலூர்தான். கொடைக்கானல் குளிரில் வெளியே விட்டால் செத்துவிடும், அடுத்து ஊருக்குப் போகும்போது தோட்டத்தில் விட்டுவிடலாம் என்றார். அதுவரை என் அறையில் வைத்துக்கொண்டேன். காட்டு உயிரை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தவறு என்று எனக்குத் தெரியாது. (இந்த வாக்கியம் பொய். தெரியும்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பச்சோந்தி நிறம் மாறுவதைப்போல மனிதர்களும்" — நிறுத்திவிட்டேன். எல்லோரும் எழுதியாகிவிட்டது. தவிர, என் அறையில் அது பெரும்பாலும் பச்சையாகவே இருந்தது.

"அதன் ஒரு கண் என்னைப் பார்த்தது, மறு கண் ஜன்னலை" — உண்மைதான். அதற்குமேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

"மூன்றாம் நாள் அக்கா ஊருக்குப் போனார். நான் பச்சோந்தியைக் கொடுத்தனுப்பவில்லை." சரியான தொடக்கம் இதுதான். கூச்சத்தில் இங்கே தள்ளி வைத்திருக்கிறேன். நோட்டில் இன்னும் ஏழு பக்கம் பாக்கி இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

3

நாட்குறிப்பிலிருந்து:

ஐந்தாம் நாள். வெட்டுக்கிளியைத் தொடவில்லை. இலையில் தெளித்த தண்ணீரை நிறையக் குடித்தது.

ஆறாம் நாள். பெட்டிக்குள் நான் வைத்த கிளையைவிட்டு இறங்கிவிட்டது. அட்டைப்பெட்டியின் மூலைகளைப் பிறாண்டுகிறது. குளிர் போலும். குண்டு பல்பு போட்டேன்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பிய அக்கா என் அறைக்கு வந்தார். நோட்டை வாங்கிப் படித்தார். பிறகு பச்சோந்தியைக் கையில் ஏந்தி, அதன் விலாவில் விரலால் மெல்லத் தடவினார்.

"ஏலே செல்வம், மொச்சக்கா கணக்கா வரிசையா முட்டை கெடக்குலே. புள்ளத்தாச்சி மண்ணு தேடி அலையுறா, நீ குளிர் போலும்னு எழுதி வச்சிருக்க."

மெஸ் முதலாளி ஜெயமுருகன் அண்ணனுக்கு விஷயம் போயிற்று. வளைகாப்புக்கு எத்தனை வகைச் சோறு கிண்ட வேண்டும் என்று மறுநாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து நோட்டில் 'அது' இல்லை, 'அவள்'.

4

ஏழாம் நாள். பழைய பெயின்ட் வாளியைக் கழுவி, முழங்கை ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பினேன். அவளை உள்ளே விட்டதும் தோண்ட ஆரம்பித்தாள். முன்கால்களால் மண்ணை இழுத்துப் பின்கால்களால் தள்ளினாள். நான் அருகில் ஸ்டூல் போட்டு, அரைமணிக்கு ஒருமுறை குழியின் ஆழத்தைக் குறித்தேன்.

மூன்று விரற்கடை ஆனதும் நிறுத்தினாள். ஒரு கண் மட்டும் திரும்பி என்மேல் நின்றது. குழியை விட்டுவிட்டு ஏறி வந்தாள்.

எட்டாம் நாளும் அப்படித்தான். வேறு இடத்தில் தோண்டினாள், வேறு ஆழத்தில் விட்டாள். வாளியைத் துணியால் மூடினேன். (மூடினேன் என்பது முழு உண்மை இல்லை. துணியில் ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை வெட்டியிருந்தேன்.)

ஒன்பதாம் நாள் அவள் கண்கள் உள்வாங்கியிருந்தன. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். முட்டை வெளியே வராவிட்டால் உள்ளேயே கெட்டு, அவளையும் கொண்டுபோய்விடும் என்றார். நான்கு நாளுக்குமேல் தாங்காது என்றும் சொன்னார். அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், ஓட்டை உட்பட.

"உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா எந்தப் பொம்பளைடா பெறுவா?" என்றார். சற்று யோசித்து, "தலப்பிரசவத்த அம்மா வீட்டுல வச்சுக்கிறதுதான மொற. வெள்ளனே மொத பஸ்ஸுக்கு வந்துரு."

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். அக்காவை எல்லாம் தெரிந்தவராக எழுதிவிட்டேனோ? அவருக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூடுதல். வெட்டுக்கிளியைத் தொட அருவருப்பு. அது தலைப்பிரசவம்தானா என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்திருந்தவர், வளைவு ஒன்றில், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்:

"என்னைய அம்மா வீட்டுக்கு அனுப்பல. சீசன் நேரம், லாட்ஜுல அடுப்பப் பாக்க ஆளில்லன்னுட்டாங்க."

அதன்பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று என்ன நடந்திருக்கும் என்று அரைப்பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

[

]

6

ஆடலூரில், அக்காவின் தம்பி கந்தவேலின் காப்பித் தோட்டத்தில், மிளகுக்கொடி ஏற்றிய ஒரு கல்யாண முருங்கையின் அடியில் அவளை விட்டோம். மண் வெதுவெதுப்பாக இருந்தது. முன்னும் பின்னும் ஆடி ஆடி நாலடி நடந்தாள். நின்றாள். தோண்ட ஆரம்பித்தாள். என் கை பையில் இருந்த நோட்டுக்குப் போயிற்று.

"வாலே. அவ சோலிய அவ பாத்துக்குவா," என்று அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார்.

முடிவுகள் மூன்று இருக்கின்றன.

(அ) சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். குழிக்குள் இருபத்திரண்டு முட்டைகள். வகுப்பில் கைதட்டுவார்கள்.

(ஆ) சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். பாதிக் குழியின் அருகே அவள்

(இ) சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். எதுவுமே இல்லை. ஏனென்றால் முட்டையிட்ட பச்சோந்தி குழியை மூடி, மிதித்து, சருகு தள்ளிவிட்டுப் போய்விடும் என்கிறார் கந்தவேல். நல்லபடியாக முடிந்திருந்தால் தோண்டாத மண்ணைப்போலத்தான் தெரியுமாம்.

நான் மூன்றையும் பார்க்கவில்லை. நாலு மணி பஸ்ஸுக்கு அந்த மரத்தைத் தாண்டிப் போகும் குறுக்குவழியை விட்டு, ரோட்டைச் சுற்றி நடந்தோம். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

முட்டை இருந்தால், பொரிய ஆறேழு மாதம் ஆகும். அதற்குள் இதைப் படிக்கும் யாராவது ஆடலூர்ப் பக்கம் போகலாம், தேடிப் பார்க்கத் தோன்றலாம். எனக்கே தினமும் தோன்றுகிறது. மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இருக்கும் இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மரம் கல்யாண முருங்கை இல்லை.