சீமாட்டியின் முதுகு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. மலை மாதிரி உடம்பும் கோழிக்குஞ்சு மாதிரி நெஞ்சுமாக இருந்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

நசரத்பேட்டையில், செத்துப்போன அப்பா சுப்பராயனின் மார்பில் நீலம் பாரித்திருந்த குளம்புத் தடத்தைப் புது வேட்டியால் இழுத்து மூடினாள் தாட்சாயிணி. பின்னாலே கொட்டகையில் சீமாட்டி கனைத்தாள்.

அவள் சுப்பராயன் வளர்த்த கல்யாண ஊர்வலக் குதிரை. வம்பு எங்கேயிருந்துதான் வருமோ அவளுக்கு! மாப்பிள்ளை மாலையைத் தின்பாள். மண்டபத்து மிச்சச் சோற்றை மேய்ந்துவிட்டு வயிறு உப்பிக் கிடப்பாள். ஆணி கிடக்கிற இடமாகப் பார்த்துக் கால் வைப்பாள். நேற்று காலிமனை முள்வேலியில் காலை மாட்டிக்கொண்டாள். சுப்பராயன் குனிந்து கம்பியை வெட்டும்போது ஒரு பாலிதீன் பை பறந்து வந்தது. அவ்வளவுதான். மிரண்டு உதைத்துவிட்டாள்.

"அந்தக் கொலைகாரிய இன்னும் கட்டி வெச்சிகினு கீறியேக்கா," என்றான் தம்பி அருள்.

"குதிர வாங்குற சுலைமான் பாய் வண்டியோட வந்துகினு கீறாரு. இட்டுகினு பூடுவாரு."

"கூட்டத்துல பூந்துச்சுன்னா இன்னொரு பாடை கட்டணும், பார்த்துக்க."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. குதிரை போன பிறகு அடியுங்கள் என்று மேளக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்தாள். அழுகையில் மறந்துவிட்டாள்.

மேளம் கேட்டால் ஊர்வலம். சீமாட்டி படித்த படிப்பு அதுதான். முதல் அடி விழுந்ததும் கயிறு அறுந்தது.

"ஐயோ, குதிரை!"

கூட்டம் சிதறியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் உருண்டன. யாரோ ஏற்கெனவே கொளுத்திவிட்ட சரவெடி தெரு நடுவே வெடித்தது. தாட்சாயிணி பாடைக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

பாலிதீன் பைக்கு மிரண்டவள் சரவெடிக்கு மிரளவில்லை. நேரே வந்தாள். தாட்சாயிணியின் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி, அப்பாவின் மாலையை மோந்தாள். கடிக்கவில்லை. மெல்ல முன்னங்கால்களை மடக்கி முதுகைத் தாழ்த்தினாள். மாலை போட்ட மாப்பிள்ளைகளுக்குத் தாழ்த்துகிற மாதிரியே. எத்தனையோ பேரைத் தூக்கி ஏற்றிவிட்டவர் கழுத்தில் அவள் மாலையைப் பார்த்தது அன்றுதான்.

மேளக்காரர்களின் கை தானாக நின்றது.

"இன்னாக்கா இது..." என்றான் அருள்.

பாடையைத் தூக்கினார்கள். அது தன்னைத் தாண்டிப் போகும்வரை சீமாட்டி அப்படியே இருந்துவிட்டு, முதுகு காலியாகவே எழுந்தாள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். தாட்சாயிணி நின்றாள். அவள் பக்கத்தில் சீமாட்டியும் நின்றாள், தூரத்து மேளத்தின் பக்கம் காதைத் திருப்பியபடி.

"வண்டி வந்துருச்சும்மா," என்றார் சுலைமான் பாய், கயிற்றுக்காகக் கையை நீட்டி.

தாட்சாயிணி அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"வேர்த்துப்போய்க் கீறா, பாய். தண்ணி குடிக்கட்டும்."

உங்க ஊட்டு வாசலுக்குக் குதிரை வந்தால் கல்யாணத்துக்கே வரட்டும். ஏறின பிள்ளை சிரித்த முகமாக இறங்கட்டும், கண்ணுங்களா.