வில்லங்கம் இல்லாத கட்டடம்

ராயபுரத்தில் அந்த இரண்டு மாடிக் கட்டடத்தை வாங்கியபோது, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டதாகத்தான் தங்கபுஷ்பம் நினைத்தாள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் படித்த வக்கீல், சுத்தமான சொத்து என்றார். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த அவளுக்கும் கணவர் சுயம்புவுக்கும், கடையில் நிற்க முடியாத வயதில் வாடகை சோறு போடும் என்ற நம்பிக்கை.

சுயம்பு மட்டும் ஒருமுறை கேட்டார். "ஒரு இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து காட்டிருவமா?"

"அதுக்குள்ள வேற எவனாவது முடிச்சிட்டா என்ன செய்வீய? பெயின்ட் கூட இப்பதான் அடிச்சிருக்கான்லா."

பத்திரம் பதிந்த ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த மங்கை போன் செய்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள். விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த அவள் புருஷன் ரகுபதி, கயிறு அறுந்து அடித்ததில் இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தான்.

"கடக்காரம்மா, அடுப்பு மேல கீற காரை அப்டியே பேந்து வுயுந்துச்சு. நான் அப்பதான் தண்ணி புடிக்க எறங்குனேன்."

அதன் பிறகுதான் இன்ஜினியர் அப்துல் வஹாப் வந்தார். பெயர்ந்த இடத்தில் கம்பி உப்பிக் கிடந்தது. தொட்டால் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. கீழே இரண்டு தூண்களையும் கொத்திப் பார்த்தார்.

"கடல் காத்தும்மா. மேல மட்டும்னா பூசிக்கலாம். தூணுக்குள்ளயே கம்பி போயிடுச்சு. ஆளுங்கள காலி பண்ணிட்டு இடிக்கணும். அதுவரைக்கும் முட்டு குடுக்கலாம். எவ்ளோ நாள் தாங்கும்னு சொல்ல முடியாது."

"வாங்கறதுக்கு முன்னால உங்களக் கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்றார் சுயம்பு.

இன்ஜினியர் சுத்தியலைப் பையில் போட்டார்.

கட்டடத்தை உள்ளது உள்ளபடி வாங்கியதாகப் பத்திரத்திலேயே இருக்கிறது என்று விற்றவன் போனை வைத்துவிட்டான். துருவுக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம். தெரு குறுகல் என்பதால், இடித்தால் பழையபடி மாடி எழுப்ப அனுமதியும் கிடைக்காதாம். ஒருநாள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், "நாமளும் பெயின்ட் அடிச்சு வித்துருவமா?" என்றாள். சுயம்பு நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கட்டடத்தில் குடியிருந்த மற்ற இரண்டு குடும்பங்களும் மாதவரம் பக்கம் போய்விட்டன. மங்கை மட்டும் போகவில்லை.

"நான் போ மாட்டேன்னா சொல்றேன்? மீன்காரின்னா வாசன அடிக்கும்னு எவனும் வூடு தரமாட்றான். இந்தாளு வேற கட்டில்ல கீறாரு. மீன் ஏலத்துக்கு விடியக்காலையில ஓடணும். தூரமா போயி இன்னா பண்றது?"

தங்கபுஷ்பம் தானும் தெருத்தெருவாக அலைந்தாள். வீட்டைக் காட்டுகிறவர்கள், குடிவருபவள் யார் என்று கேட்டதும் முகம் மாறினார்கள்.

புயல் எச்சரிக்கை வந்த மதியம் அவளும் சுயம்புவும் வேனோடு போய் நின்றார்கள். நாற்காலியில் உட்கார வைத்து இறக்கும்போது ஒவ்வொரு படிக்கும் ரகுபதி பல்லைக் கடித்தான். கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே கட்டில் போட்டார்கள். மழை அடித்த நாளெல்லாம் தங்கபுஷ்பம் அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தாள். இனி அவர்களை அங்கே விடக்கூடாது என்று உறுதியாக, வீட்டுச் சாவியையும் தன்னிடமே வைத்திருந்தாள்.

மழை விட்டதும் கட்டடம் நின்றுகொண்டுதான் இருந்தது. மங்கை சாவி கேட்டாள்.

"வீடு பாத்துக்கிட்டே இருக்கேன்லா மங்கை. இன்னும் கொஞ்ச நாள் இங்கனயே இரி."

"அவருக்கு கக்கூஸ் போவகூட மறைவு இல்லம்மா இங்க. கஸ்டமருங்க வந்துகினே கீறாங்கோ. அவரு அழுவுறாரு."

தங்கபுஷ்பம் கல்லாவைத் திறந்தாள். சாவியைக் கொடுத்தாள்.

அன்றே வேனில் திரும்பக் கொண்டுபோய் மேலே ஏற்றினார்கள். மங்கை அடுப்பை வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தாள். தங்கபுஷ்பம் கட்டிலைச் சுவரோரம் இழுத்தாள். பிறகு நடுவில் தள்ளினாள். மறுபடி சுவரோரமே இழுத்தாள். எந்த இடம் விழாது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரகுபதி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"போதும்மா. வுடுங்க," என்றான்.